எல்லையோரத்து வினோதச் செய்திகள்: நிஜமாக நடந்தது இருந்தால் கொடுங்கள்

கொழிஞ்சாம்பாறைக்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலூகா. வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் மலையாளம், துணி எடுக்கப் பொள்ளாச்சி என்று வாழ்கிற கூட்டம் நாங்கள்.

என்னோடு படித்த தோழிகளும் நானும் ஞாயிறு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் போனில் கூடுவோம். ஆளுக்கு ஒரு வினோதச் செய்தி கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் அதை வைத்துப் பேசிச் சிரிக்க வேண்டும். செய்தி நிஜமாக இருக்கணும் என்பது ஒரு விதி. பாவப்பட்ட யாரையும் வைத்துச் சிரிக்கக் கூடாது என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது விதிக்காக எங்களுக்குள் சண்டையே நடந்திருக்கிறது.

அடுத்த கூட்டத்துக்குத் தலைப்பு 'எல்லை'. முதலில் பேச வேண்டியது நான். என்னிடம் இருப்பதைச் சொல்கிறேன், உங்கள் பக்கத்துச் சரக்கை நீங்கள் எடுத்து வையுங்கள்.

பறம்பிக்குளம் எங்கள் தாலூகாதான், முதலமடை பஞ்சாயத்து. ஆனால் இங்கிருந்து வண்டியில் போக வேண்டுமென்றால் கோவிந்தாபுரத்தில் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் எல்லாம் பார்த்துவிட்டு மறுபடியும் கேரளாவுக்குள் இறங்க வேண்டும். அங்கே குடியிருக்கிற ஒருவர் தன் சொந்தப் பஞ்சாயத்து ஆபீசில் ஒரு சான்றிதழ் வாங்கப் பக்கத்து மாநிலத்தைக் கடந்து வர வேண்டியிருக்கிறது. அணைக்கட்டோ இன்னும் விசேஷம். இருப்பது கேரள மண்ணில், ஷட்டரை ஏற்றி இறக்குவது தமிழ்நாடு. 2022 செப்டம்பரில் அங்கே ஒரு ஷட்டர் பிய்ந்துபோய்த் தண்ணீர் கொட்டியபோது, அணையைப் பார்க்க ஓடியது தமிழ்நாட்டு இன்ஜினியர்கள், சாலக்குடி ஆற்றங்கரையில் மக்களை எச்சரித்தது கேரள அதிகாரிகள். இதைச் சொன்னதும் வேலந்தாவளத்துத் தோழி, "மாமியார் வீட்டுச் சமையலறைக்கு மருமகளிடம் சாவி இருக்கிற மாதிரி" என்றாள். அன்றைக்கு யாரும் சீக்கிரம் தூங்கவில்லை.

அப்புறம் லாட்டரி. தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரியைத் தடை செய்தார்கள். கேரளத்தில் அரசே நடத்துகிறது. அதனால் வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம் எந்த வழியாக வந்தாலும் சாவடி தாண்டியதும் முதலில் கண்ணில் படுவது லாட்டரிக் கடைதான். 1967-ல் இதற்கென்று ஒரு துறையைத் தொடங்கி, 1968 ஜனவரி 26-ம் தேதி முதல் குலுக்கல் நடத்தினார்கள். டிக்கெட் ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். இப்போது ஓணம் பம்பர் டிக்கெட் 500 ரூபாய், முதல் பரிசு 25 கோடி. 2023-ல் அந்த 25 கோடி வாளையாரில் விற்ற டிக்கெட்டுக்கு விழுந்தது. எடுத்தவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள், திருப்பூர்ப் பக்கத்து நான்கு நண்பர்கள் கூட்டாகப் போட்ட காசு. அடுத்த வருடம் வயநாட்டில் விற்ற டிக்கெட், அடித்தது கர்நாடகாவைச் சேர்ந்த ஒரு மெக்கானிக்குக்கு. ஓணம் நமக்கு, கோடி பக்கத்து வீட்டுக்கா என்று இங்கே டீக்கடைகளில் பெரிய விவாதமே நடந்தது.

அதற்கு முந்தைய வருடக் கதையில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. 2022-ல் 25 கோடி விழுந்தது திருவனந்தபுரத்தில் ஆட்டோ ஓட்டுகிற ஒருவருக்கு. மலேசியாவுக்குச் சமையல் வேலைக்குப் போக இருந்தவர். மகனின் உண்டியலை உடைத்துத்தான் டிக்கெட் காசு சேர்த்தார் என்று பத்திரிகைகள் எழுதின. ஏஜெண்ட் கமிஷனும் வரியும் போகக் கையில் 15.75 கோடி வரும் என்று கணக்கும் போட்டன. ஒரு வாரம்கூட ஆகவில்லை, அவர் வீடியோவில் வந்து, உதவி கேட்டு ஆட்கள் வாசலிலேயே நிற்கிறார்கள், சொந்த வீட்டில் இருக்க முடியவில்லை, நிம்மதி போய்விட்டது என்று கெஞ்சினார். அந்த வீடியோவைச் சிரிக்கிற பொம்மைகள் போட்டுச் சுற்றவிட்டார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருத்தி, 25 கோடி வாங்கியவன் அழுதால் சிரிக்காமல் என்ன செய்ய என்று கேட்டாள். எனக்கு ஒத்துவரவில்லை. காய்ச்சலில் கிடக்கிற குழந்தையைக்கூட வீட்டில் வந்து பார்க்க முடியாத மனிதன் அவர், பணம் எவ்வளவு என்பதா முக்கியம்?

நான் அங்கே சிரித்தது அடுத்து வந்த செய்திக்கு. பரிசு விழுந்தவர்களுக்குப் பணத்தை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது, எதில் போடுவது, வரி எவ்வளவு என்று சொல்லிக்கொடுக்கக் கேரள அரசே வகுப்பு எடுக்க ஆரம்பித்தது! டிக்கெட் அச்சடித்ததும் அரசு, விற்றதும் அரசு, குலுக்கியதும் அரசு, கடைசியில் உட்காரவைத்துப் பாடம் நடத்தியதும் அரசு. நான் ஒரு ஆசிரியை. கோடீஸ்வரர்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் ஆஜர் எடுப்பதை நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்றும் சிரிப்பு அடங்காது. ஆனாலும் இது நல்ல ஏற்பாடு, மனதாரச் சொல்கிறேன்.

சரி, உங்கள் முறை. தேனி, குமரி, இடுக்கித் தோட்டங்கள், ஊத்துக்கோட்டை, திருத்தணி, குப்பம், எங்கிருந்தாலும் எழுதுங்கள். யாரோ அனுப்பியதை அப்படியே தள்ளிவிடாதீர்கள், நடந்ததுதானா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

கம்பம் திராட்சைத்தோட்டம் எழுதியது:

அக்கா, எங்கள் ஊரிலிருந்து அரிக்கொம்பனை விட்டால் வேறு எதைச் சொல்வது?

இடுக்கி சின்னக்கானலில் ரேஷன் கடை, வீட்டுச் சுவர் எதையும் விடாமல் இடித்து அரிசி எடுத்துத் தின்ற யானை. 2023 ஏப்ரல் 29-ம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அது மேகமலைப் பக்கம் சுற்றியது. அப்புறம் மே 27-ம் தேதி காலையில் எங்கள் கம்பம் டவுனுக்குள் நடந்து வந்துவிட்டது. 144 தடை உத்தரவு போட்டார்கள். வீட்டை விட்டு யாரும் வரவில்லை, யானை மட்டும் தெருவில் போகிறது. ஜூன் 5-ம் தேதி நம் வனத்துறை பிடித்து, லாரியில் ஏற்றி, களக்காடு முண்டந்துறை வரைக்கும் கொண்டுபோனார்கள். டிவியில் நேரலை. எங்கள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு லாரி எந்த ஊர் தாண்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கேரளத்தில் அந்த யானைக்கு ரசிகர் கூட்டமே உண்டு, கோர்ட்டில் வழக்கும் உண்டு.

நீங்கள் விதி என்று ஒன்று வைத்திருப்பதால் இதையும் எழுதுகிறேன். கம்பத்தில் அந்த யானை தாக்கி ஒருவர் வண்டியிலிருந்து விழுந்து, சில நாளில் இறந்துபோனார். சின்னக்கானல் பக்கத்திலும் சாவுகள் நடந்திருக்கின்றன. அதனால் லாரிப் பயணத்தைச் சொல்லிச் சிரியுங்கள், ஊருக்குள் வந்த நாளைச் சொல்லும்போது கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். இங்கே யாரும் அதை வேடிக்கையாகப் பேசுவதில்லை.

இன்னொன்று. எல்லை மலையில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. வருடத்தில் சித்ரா பௌர்ணமி ஒரு நாள்தான் எல்லோரையும் விடுவார்கள். பெரியாறு காப்பகத்துக்குள் இருப்பதால் இத்தனை கட்டுப்பாடு. குமுளி வழியாக வருகிறவர்கள் ஜீப்பில் வருவார்கள், நாங்கள் பளியன்குடியிலிருந்து மலை ஏறுவோம். அந்த ஒரு பகலுக்காகத் தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட ஆட்சியர்களும் முன்கூட்டியே உட்கார்ந்து கூட்டம் போடுவார்கள். தண்ணீர் எங்கே வைப்பது, எத்தனை மணிக்குள் இறங்க வேண்டும் என்பது வரைக்கும் பேச்சு. மதுரையை எரித்தவளைப் பார்க்க மாலைக்குள் மலை இறங்கிவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டுதான் ஏற வேண்டும்.

தக்கலை சந்தைமுக்கு எழுதியது:

கம்பத்துத் தம்பி, உங்கள் விருந்தாளி இப்போது எங்கள் தலைக்கு மேலே இருக்கிறது தெரியுமா? களக்காடு என்று சொன்னாலும் விட்டது மேல் கோதையாறு பக்கம். அங்கிருந்து மேற்கே பார்த்தால் கேரளத்து நெய்யாறு காடு. இடுக்கியில் பிடித்து, தேனியில் பிடித்து, கடைசியில் மறுபடியும் கேரள எல்லையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். எல்லையை விட்டு அது விலகுகிற மாதிரி இல்லை.

டீச்சரே, உங்கள் பறம்பிக்குளத்துக்கு எங்கள் பத்மநாபபுரம் அரண்மனை நேர் எதிர்ப்பக்கம். 1795 வரைக்கும் திருவிதாங்கூருக்கு அதுதான் தலைநகரம். 1956 நவம்பர் 1-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் கையிலேயே இருந்துவிட்டது. இன்றைக்கும் அப்படித்தான். வாசலில் டிக்கெட் கொடுப்பவர் கேரள அரசு ஊழியர், வெளியே வண்டியை ஒதுக்கச் சொல்கிற போலீஸ்காரர் தமிழ்நாடு. திங்கட்கிழமை விடுமுறை. அது தெரியாமல் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

நவராத்திரிக்கு இன்னும் அழகு. தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை, மூன்று பேரும் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு ஊர்வலம் போவார்கள். முதலில் அரண்மனையில் மன்னரின் உடைவாளைக் கைமாற்றிக் கொடுக்கிற சடங்கு நடக்கும், இரண்டு மாநில அமைச்சர்கள், அதிகாரிகளும் வருவார்கள். தமிழ்நாட்டுப் போலீஸ் மரியாதையோடு வழியனுப்ப, களியக்காவிளையில் கேரளப் போலீஸ் மரியாதையோடு வரவேற்கும். நவராத்திரி முடிந்ததும் அதே மாதிரி திரும்பி வருவார்கள். சின்ன வயதில் எங்கள் பாட்டியிடம், சாமி லீவுக்கு வெளியூர் போகிறதா என்று கேட்டிருக்கிறேன். ஆமாம், படிக்கிற பிள்ளைகளைப் பார்க்கப் போகிறாள் என்று பாட்டி சொன்னார். சரஸ்வதிதானே, அந்தப் பதில் எனக்கு இன்னும் பிடிக்கும்.

வண்டிப்பெரியார் ஐந்தாம் லயம் எழுதியது:

நான் தேயிலைத் தோட்டத்துக்காரன். 2001-ல் இடுக்கி, கோட்டயம் பக்கமெல்லாம் சிவப்பு மழை பெய்தது. ஜூலை 25-ல் ஆரம்பித்து செப்டம்பர் வரைக்கும் அங்கங்கே விட்டுவிட்டுப் பெய்தது. வெள்ளை வேட்டியில் பட்டால் கறை. வானத்தில் பெரிய வெடிச் சத்தம் கேட்டது என்று சங்கனாச்சேரிப் பக்கம் சொன்னார்கள், உடனே எரிகல் வெடித்த தூசி என்று ஒரு பேச்சு.

தண்ணீரை ஆராய்ச்சி நிலையத்தில் பார்த்தபோது தெரிந்தது வேறு. டிரென்டிபோலியா என்கிற பாசியின் வித்துகள் மழைத்துளியில் கலந்திருந்தன. தோட்டத்தில் மரத்தண்டு, பாறை எங்கே பார்த்தாலும் ஆரஞ்சு நிறத்தில் படிந்திருக்குமே, அந்த வகைப் பாசிதான். ஆனால் கோட்டயத்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு பேர், இது பூமிக்கு வெளியிலிருந்து வந்த உயிரணுவாக இருக்கலாம் என்று 2006-ல் ஆய்வுக் கட்டுரை போட்டார்கள். உலகத்துப் பத்திரிகை எல்லாம் அதைத்தான் தூக்கிக்கொண்டு ஓடியது. நம் வீட்டுப் பலாமரத்தில் இருக்கிற பாசிக்கு யார் தலைப்புச் செய்தி போடுவார்கள்?

எல்லைக்கும் இதற்கும் சம்பந்தம் கேட்டால், வேற்றுக்கிரக எல்லை என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரி எழுதியது:

வண்டிப்பெரியார் அண்ணா, கட்டாயம் சேர்த்துக்கொள்கிறேன். எங்கள் வகுப்புப் பிள்ளைகள்கூட இன்றைக்கும் அந்த மழையை ரத்த மழை என்றுதான் சொல்கிறார்கள், அவர்கள் பிறப்பதற்கு முன்னால் பெய்த மழை. பாசி என்று சொன்னால் முகம் வாடிவிடும். ஆனால் யோசித்துப் பாருங்கள், மரத்தில் ஒட்டியிருக்கிற பாசி மேகம் வரைக்கும் ஏறி, மழையாக இறங்கி, ஒரு மாவட்டத்து வேட்டியை எல்லாம் கறையாக்குகிறது. எனக்கு வேற்றுக்கிரகவாசியைவிட இதுதான் பெரிய வினோதமாகத் தெரிகிறது. பாசிக்குத்தான் என் ஓட்டு.

கம்பத்துத் தம்பி, நீ எழுதியதைப் படித்ததும் யானைக் கதையை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. இறந்தவரைப் பற்றி முதலில் சொல்லிவிட்டுத்தான் லாரிக்கு வருவேன். உங்கள் அம்மா அடுப்பை அணைத்ததையும் சேர்த்துக்கொள்ளலாமா?

ஆந்திரப் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லையே?

ஊத்துக்கோட்டை பாலத்துக்கடை எழுதியது:

வந்துவிட்டேன் அம்மா. எங்கள் ஊரில் வருடா வருடம் பத்திரிகையில் வருகிற விருந்தாளி தண்ணீர்தான். கிருஷ்ணா நீருக்கு 1983-ல் ஒப்பந்தம் போட்டார்கள், எங்கள் எல்லைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தது 1996-ல். ஆந்திராவில் கண்டலேறு அணையில் திறந்தால் கால்வாயில் 152 கிலோமீட்டர் ஓடி வந்து ஊத்துக்கோட்டை பக்கம் ஜீரோ பாயிண்டில் தமிழ்நாட்டைத் தொடும். அப்புறம் 25 கிலோமீட்டர், பூண்டி ஏரி.

அணையைத் திறந்த நாளிலிருந்து செய்தி ஆரம்பிக்கும். தண்ணீர் இந்த ஊர் தாண்டியது, நாளைக்கு வரும், இல்லை நாளன்றைக்கு வரும் என்று. வந்து சேர்ந்ததும் அதிகாரிகள் நின்று பூத்தூவி வரவேற்பார்கள். தூவிய கையோடு எத்தனை கன அடி என்று அளப்பார்கள். எனக்குப் பிடித்தது அந்த இடம்தான், மரியாதையும் உண்டு, கணக்கும் உண்டு. ஒரு தடவை எங்கள் கடைக்கு வந்த பெரியவர் ஒருவர், பூவோடு சேர்த்தா அளந்தார்கள் என்று கேட்டார். கேட்டவர் விவசாயி, விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பூப் போட்டதில் இரண்டு கூடை தண்ணீர் கூடுதலாகத் தெரியாதா என்று நிஜமாகவே கவலைப்பட்டார்.

மீனாட்சிபுரம் ரயில்கேட் எழுதியது:

டீச்சர், பக்கத்து ஊர்க்காரன்தான். நான் வெளிநாட்டுச் சரக்கு ஒன்று தருகிறேன், ஆனால் கேட்டால் நம் ஊர்க் கதை மாதிரியே இருக்கும்.

2021-ல் பெல்ஜியத்தில் எர்கலின் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு விவசாயி டிராக்டர் ஓட்டும்போது வழியில் ஒரு கல் இடைஞ்சலாக இருந்தது. தூக்கி அந்தப் பக்கம் நட்டுவிட்டார். அது 1819 என்று பொறித்த கல், பெல்ஜியத்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் இருக்கிற எல்லைக்கல்! பெல்ஜியம் 2.29 மீட்டர் பெரிதாகிவிட்டது, பிரான்ஸ் அந்த அளவு சுருங்கிவிட்டது. பழைய வரலாற்றில் ஆர்வமுள்ள ஒருவர் அந்தக் காட்டு வழியில் நடந்துபோகும்போது கல் இடம் மாறியிருப்பதைக் கவனித்திருக்கிறார். இரண்டு ஊர் மேயர்களும் சிரித்துவிட்டார்கள். கல்லைப் பழைய இடத்தில் வைக்கச் சொன்னார்கள். அவர் வைக்காவிட்டால் 1930-க்குப் பிறகு கூடவே கூடாத எல்லை ஆணையத்தைக் கூட்ட வேண்டியிருக்கும் என்றும் செய்தி வந்தது.

நம் ஊரில் ஒரு முழ வரப்பை வெட்டியதற்கு அண்ணன் தம்பி கல்யாணத்துக்கே போகாமல் இருக்கிற வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். சர்வேயர், சங்கிலி, கோர்ட்டு என்று காலம் போய்விடும். அங்கே ஒருத்தர் ஒரு நாட்டின் வரப்பையே நகர்த்திவிட்டார், இரண்டு பக்கத்துக்காரர்களும் சிரிக்கிறார்கள். என் அப்பாவுக்கு இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கல்லைத் தள்ளி நட்டவன் அந்த ரெண்டு மீட்டரில் என்ன விதைத்தான்?" என்று கேட்டார்.

அப்புறம் ஹான்ஸ் தீவு. கனடாவுக்கும் டென்மார்க்கின் ஆட்சியில் இருக்கிற கிரீன்லாந்துக்கும் நடுவில் ஒரு வெறும் பாறைத் தீவு. 1984-லிருந்து இரண்டு நாட்டுக்காரர்களும் மாறி மாறிப் போய்க் கொடி நட்டு, எதிராளிக்கு ஒரு பாட்டில் மதுவும் வைத்துவிட்டு வருவார்கள். 2022 ஜூனில் தீவை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். பாட்டில் நின்றுபோனதுதான் வருத்தம் என்று எங்கள் கள்ளுக்கடைப் பக்கம் பேசிக்கொண்டார்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரி எழுதியது:

மீனாட்சிபுரம் தம்பி, உங்கள் அப்பா கேட்ட கேள்விதான் இந்த வாரத்துக்கே முதல் பரிசு. எங்கள் அப்பாவிடம் சொன்னேன், அவரும் அதையேதான் கேட்டார். நிலம் வைத்திருப்பவருக்கு முதலில் தோன்றுவது அதுதான் போலிருக்கிறது. ஹான்ஸ் தீவை என்னால் சொல்ல முடியாது, எங்களில் ஒருத்தியின் மாமனார் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஊத்துக்கோட்டை அண்ணா, அந்தப் பெரியவரின் கவலையை அப்படியே, அவர் சொன்ன மாதிரியே சொல்வேன். கூட்டிக் குறைக்க மாட்டேன்.

இப்போதைக்கு நான் வைத்திருக்கிற வரிசை இது: முதலில் பெல்ஜியத்துக் கல், அதிலிருந்து பறம்பிக்குளம், அங்கிருந்து பத்மநாபபுரம், நடுவில் சரஸ்வதி பயணம், கடைசியில் கோடீஸ்வரர் வகுப்பு. யானையைத் தனியாக இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்கிறேன், அவசரத்தில் சொல்லக் கூடிய கதை இல்லை அது. அதுவரைக்கும், தக்கலை அண்ணா, கோதையாறு பக்கம் அது எப்படி இருக்கிறது என்று பத்திரிகையில் எது வந்தாலும் இங்கே போட்டு வையுங்கள். திருத்தணி, குப்பம் ஆட்கள் இன்னும் யாரும் எழுதவில்லை, சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன்.